ஏற்காட்டு பங்களாவின் கப்பல் மாதிரி: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கும் ஒரு குடும்பத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மரக் கப்பல் மாதிரி மூன்று தலைமுறையாக இருந்து வந்தது. தாத்தா ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக வேலை பார்த்தவர். சுதந்திரத்துக்குப் பிறகு எஸ்டேட் கைமாறியது. துரை குடும்பம் சீமைக்குக் கிளம்பியபோது பங்களாச் சாமான்களை ஏலம் போட்டார்கள். தாத்தா ஒரு மேசை, ஒரு சுவர்க் கடிகாரம், இந்தக் கப்பல் மூன்றையும் எடுத்தாராம். ஏலச் சீட்டு எதுவும் மிஞ்சவில்லை. கடிகாரம் எப்போதோ போய்விட்டது. மேசை அடுப்படியில் கிடக்கிறது. கப்பல் மட்டும் ஏற்காட்டு வீட்டின் முன்னறையில் பல்லாண்டு இருந்துவிட்டு, அந்த வீட்டை விற்றதும் சேலத்துக்கு இறங்கி வந்தது.

இப்போது அது அக்கா, தம்பி இருவருக்கும் பொதுச் சொத்து. அக்கா ஓய்வு பெற்ற ஆசிரியை. மாதிரி அவர் வீட்டில் இருந்தது. தம்பி சிறிய லேத் பட்டறை வைத்திருப்பவர். மகனின் கல்லூரிச் செலவுக்குப் பணம் தேவைப்பட்ட நேரத்தில், வெளியூர்ப் பழம்பொருள் வியாபாரி ஒருவர் வந்து மாதிரியைப் பார்த்துவிட்டு நல்ல விலை சொன்னார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். கப்பலின் பெயர், கட்டிய யார்டு, ஆண்டு மூன்றையும் குடும்பத்தார் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். "பேர் இல்லாத கப்பலுக்கு விலை இல்லை சார்" என்பது அவர் வாதம்.

அங்கேதான் சிக்கல். குடும்பத்தில் மூன்று கதைகள் இருந்தன. அது போர்க்கப்பல் என்பது ஒன்று. சேலத்து இரும்பில் பரங்கிப்பேட்டையில் கட்டிய கப்பல் என்பது இரண்டாவது. 'கிர்க்கின் துரை' என்பவருக்குச் சொந்தமான கப்பல் என்பது மூன்றாவது. தம்பிக்கு இரண்டாவது கதை பிடித்திருந்தது, வியாபாரிக்கும்தான். அக்காவுக்குப் பொய் எழுதிக் கையெழுத்துப் போட மனமில்லை. பாலிடெக்னிக்கில் இயந்திர வரைபடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற என்னையும், பழைய ஆவணங்களில் ஆர்வமுள்ள நண்பர்கள் சிலரையும் அவர் கூப்பிட்டது இதற்காகத்தான்.

முதலில் பார்த்தது

பெட்டியைத் திறக்காமலே கண்ணில் பட்டவை இவை. அடிப்பாகம் தட்டையாக இருந்தது. முன்பக்கம் மழுங்கலாக, பின்பக்கம் சற்றே உருண்டு இருந்தது. நடுவில் ஒரே ஒரு பெரிய சரக்குக் குழி. அதன் முன்னால் ஒரு கம்பம், அதில் சாய்வாகப் பொருத்திய சுமைதூக்கித் தண்டு, கீழே கயிற்றைச் சுற்றிச் சுமையை இழுக்கும் ஒரு சின்ன வின்ச். புகைபோக்கி கப்பலின் பின்கோடியில் நின்றது. அதற்கும் பின்னால், வெட்டவெளியில், சுக்கான் சக்கரம். துப்பாக்கி மேடை போன்றது எதுவும் இல்லை. சரக்குக் குழிதான் கப்பலின் பாதி என்னும்போது போர்க்கப்பல் கதை அப்போதே முடிந்தது.

பெட்டியின் அடிப்பலகையில் ஒட்டியிருந்த காகிதச் சீட்டைப் பூச்சி அரித்திருந்தது. மிச்சம் இருந்தது ஆங்கில எழுத்தில் 'கிர்க்கின்ட்' வரைதான். அதற்கு மேல் ஓட்டை. துரையின் பெயராகக் குடும்பம் வைத்திருந்தது இதைத்தான்.

கப்பலின் பக்கவாட்டில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, நீளவாக்கில் நேர்கோடாக ஒரு வெடிப்பு ஓடியது. ஏற்காட்டில் இருந்தவரை அது தலைமுடி அளவுதான் என்றார் அக்கா. சேலம் வந்த பிறகு விரல் நகம் நுழையும் அளவுக்கு விரிந்திருக்கிறது. இடையில் யாரோ ஒரு ஆசாரி மரத்தூளையும் பெவிகாலையும் குழைத்து அதை அடைத்து, மேலே கறுப்பு எனாமல் பெயின்ட் அடித்திருந்தார். அடைத்த இடம் பிடித்துக்கொள்ள, பக்கத்தில் புதிதாக ஒன்று வெடித்திருந்தது.

கடைசியாக, நங்கூரம், கட்டுக்குற்றிகள், வின்ச் ஆகியவற்றின் மேல் வெள்ளையாக மாவு பூத்திருந்தது. பூஞ்சைக்காளான் என்று நினைத்து அக்கா வீட்டில் வாராவாரம் துணியால் துடைத்து வந்தார்கள்.

வெள்ளைப் பொடியை முதலில் கவனித்ததற்குக் காரணம்

எந்தக் கப்பல் என்ற கேள்வியைத் தள்ளிவைத்து, பொடியை முதலில் எடுத்துக்கொண்டோம். தம்பிக்கு இதில் கொஞ்சம் வருத்தம். ஆனால் அந்த வீட்டில் நான்கு வயதுப் பேத்தி இருந்தாள்.

பழைய கப்பல் மாதிரிகளின் சின்னச் சின்ன உறுப்புகளைப் பெரும்பாலும் ஈயத்திலோ, ஈயம் மிகுந்த கலவையிலோ வார்த்தார்கள். மரம் மெதுவாக அசிட்டிக் அமில ஆவியை வெளிவிடும். ஓக் மரம் இதில் மோசம். காற்றுப் புகாத பெட்டிக்குள் அந்த ஆவி தங்கி, ஈயத்தைத் தின்று, வெள்ளையான ஈயக் கார்பனேட்டாக மாற்றிவிடும். பார்ப்பதற்குப் பூஞ்சை மாதிரியேதான் இருக்கும். பூஞ்சை பஞ்சுபோல மரத்திலும் துணியிலும் பரவும். இது உலோகத்தை விட்டு நகராது, தொட்டால் சுண்ணாம்புத்தூள்போல உதிரும். மாதிரியில் மரக்கட்டையின் மேலோ நூல் கயிறுகளின் மேலோ ஒரு துளிகூட இல்லை. உலோக உறுப்புகளின் மேல் மட்டும் இருந்தது. அந்தப் பொடி நஞ்சு. உலர்ந்த துணியால் துடைத்தால் காற்றில் பறக்கும்.

ஆக, எடுத்த முதல் முடிவு: துடைப்பதை நிறுத்துவது, பெட்டியைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்துக்கு ஏற்றுவது, இதுவரை துடைத்த துணிகளைக் கட்டி அப்புறப்படுத்துவது, குழந்தைக்கு ரத்தத்தில் ஈய அளவைப் பார்ப்பது. பரிசோதனை முடிவில் கவலைப்பட எதுவும் இல்லை. அருங்காட்சியகப் பாதுகாப்புப் பணியில் அனுபவமுள்ள ஒருவரிடம் படங்களைக் காட்டிக் கேட்டோம். உலோக உறுப்புகளைக் கழற்ற வேண்டாம், பெட்டியில் காற்றோட்டம் கொடுங்கள், பொடியை முகக்கவசமும் கையுறையும் போட்டு ஈரமான பஞ்சுக்குச்சியால் ஒற்றி மட்டும் எடுங்கள் என்றார். அப்படியே செய்தோம்.

அங்குலத்தில் அளந்தது

தம்பி ஏற்கெனவே நாடாவால் அளந்து வைத்திருந்தார்: நீளம் 41.9 செ.மீ., அகலம் 11.4 செ.மீ. இந்த எண்களை வைத்துக்கொண்டு வியாபாரி ஏதேதோ பெரிய கப்பல்களின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். அங்குல ஸ்கேலை வைத்து அளந்ததும் நீளம் பதினாறரை அங்குலம், அகலம் நாலரை அங்குலம் என்று வந்தது. முழுசாகவும் அரையாகவும் எண் வந்து விழுந்தால், செய்தவர் அந்த அலகில்தான் யோசித்திருக்கிறார் என்று அர்த்தம். வரைபட வகுப்பில் பழகினவர்களுக்கு இது தெரிந்த விஷயம்.

அடுத்து விகிதம். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் மாதிரிகளில் சாதாரணமாக வருவது கால் அங்குலத்துக்கு ஓர் அடி, அதாவது 48இல் ஒரு பங்கு. அப்படியானால் நிஜக் கப்பலின் நீளம் 66 அடி. இன்னொரு வழக்கமான விகிதம் ஓர் அடிக்கு அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு, அதாவது 64இல் ஒரு பங்கு. அப்படிப் பார்த்தால் 88 அடி.

இந்த இரண்டு எண்களையும் எழுதிவைத்துப் பார்த்தபோதுதான் வேலை சூடு பிடித்தது. இரண்டுமே ஸ்காட்லாந்துக் கால்வாய்களின் எண்கள். ஃபோர்த் அண்ட் கிளைட் கால்வாயில் போன நீராவிச் சரக்குப் படகுகளின் நீளம் 66 அடி. கிரினான் கால்வாயில் போகக்கூடிய கப்பலின் உச்ச நீளம் 88 அடி. பெட்டிக்கடியில் அரித்துக் கிடந்த 'கிர்க்கின்ட்' என்ற சீட்டை அதன் பக்கத்தில் வைத்தால், மிச்சம் தானாக வருகிறது: கிர்க்கின்டிலாக். கிளாஸ்கோவுக்கு வடகிழக்கே, ஃபோர்த் அண்ட் கிளைட் கால்வாயின் கரையிலுள்ள ஊர். குடும்பம் அறுபது எழுபது வருஷமாகத் துரையாக்கி வைத்திருந்தது ஓர் ஊரை.

ஆனால் ஊர்ச் சீட்டை வைத்து மட்டும் 66 அடி என்று முடிவு கட்டவில்லை. சீட்டு மாதிரியைச் செய்தவரின் ஊராக இருக்கலாம், விற்ற கடையின் ஊராகவும் இருக்கலாம். மாதிரிக்குள்ளேயே சாட்சி வேண்டும். கப்பலை எவ்வளவு சிறிதாகவும் பெரிதாகவும் கட்டலாம். கதவை மனுஷன் அளவுக்குத்தான் வைக்க வேண்டும். பின்பக்கத்து இயந்திர அறையின் கதவை அளந்தோம். சரியாக ஒன்றும் எட்டில் மூன்றும் அங்குலம். 48இல் ஒரு பங்கு விகிதத்தில் அது ஐந்தரை அடிக் கதவு; குனிந்து நுழைகிற கப்பல் கதவுக்குப் பொருத்தம். 64இல் ஒரு பங்கானால் ஏழு அடி நாலு அங்குலம். கரிப்படகில் அவ்வளவு உயரக் கதவு வைக்க யாருக்கும் பைத்தியம் இல்லை. 66 அடி உறுதியானது. அகலம் அதே விகிதத்தில் 18 அடி வந்தது. அதுவும் இந்த வகைப் படகின் வழக்கமான அகலமே.

கால்வாயும் யார்டும்

அந்தக் கால்வாயைப் பற்றிச் சொல்லாமல் மாதிரியின் உருவம் புரியாது. ஸ்காட்லாந்தின் குறுக்கே, கிழக்கே கிரேஞ்ச்மவுத்திலிருந்து மேற்கே பவுலிங் வரை 35 மைல் நீளம். பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் திட்டத்தில் 1768இல் தோண்டத் தொடங்கி, 1790இல் கடலுக்குக் கடல் திறந்தார்கள். நடுவில் மேடு. அதை ஏறி இறங்க 39 லாக்குகள். இரண்டு பக்கமும் கதவு வைத்த கல்தொட்டிதான் லாக். படகை உள்ளே விட்டு, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்கு அனுப்புவார்கள். கால்வாயின் உச்சி மட்டம் கடலுக்கு மேலே 156 அடி. கிர்க்கின்டிலாக் அந்த உச்சி மட்டத்தில்தான் இருக்கிறது. கடல் பக்கத்தில் இல்லாத, மேட்டில் இருக்கிற ஓர் ஊரில் கப்பல் கட்டினார்கள் என்றால் சேலத்துக்காரர்களுக்குச் சட்டென்று நம்பிக்கை வராது. தம்பிக்கும் வரவில்லை. "ஓமலூர்ல கப்பல் கட்டுன மாதிரி சொல்றீங்களே சார்" என்றார்.

ஆனால் கால்வாய் இருந்தால் போதும். அங்கே கட்டிய படகு எதுவானாலும் லாக்குகளில் நுழைந்தே கடலுக்கு இறங்க வேண்டும். லாக்கின் நீளம்தான் படகின் நீளத்தைத் தீர்மானித்தது. அதனால் முன்பக்கத்தைக் கூராக நீட்ட முடியாது. நீட்டினால் சரக்கு இடம் போய்விடும். மாதிரியின் மழுங்கல் மூக்குக்கும், பெட்டிபோன்ற உடம்புக்கும் காரணம் இதுதான். வியாபாரி அதை மாதிரி செய்தவரின் கைக்குறை என்று சொல்லியிருந்தார். விலையைக் குறைக்கவும் பார்த்திருந்தார்.

முதலில் குதிரைகள்தான் கரையில் நடந்து படகை இழுத்தன. 1803இல் வில்லியம் சைமிங்டனின் 'சார்லட் டண்டாஸ்' என்ற நீராவிப் படகு, தலா 70 டன் பாரம் கொண்ட இரண்டு படகுகளை இதே கால்வாயில் எதிர்க்காற்றில் இழுத்துக் காட்டியது. அலை அடித்துக் கரை இடியும் என்று கால்வாய்க்காரர்கள் பயந்து அதைக் கைவிட்டார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 1856இல், 'தாமஸ்' என்ற சரக்குப் படகில் நீராவி இயந்திரத்தைப் பொருத்திப் பார்த்தபோது வேலைக்கு ஆனது. அங்கிருந்து வந்தவைதான் 'பஃபர்' எனப்பட்ட படகுகள். ஆரம்பத்தில் அவற்றில் நீராவியைக் குளிர்வித்துத் திரும்ப நீராக்கும் கருவி கிடையாது. பயன்படுத்திய நீராவி புகைபோக்கி வழியே 'பஃப், பஃப்' என்று போனது. கால்வாயில் நல்ல தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது நீராவியை மிச்சம் பிடிக்க என்ன அவசியம்? கடலுக்குள் போகத் தொடங்கியபோதுதான் அவசியம் வந்தது. உப்புத் தண்ணீரைக் கொதிகலனில் ஊற்ற முடியாதே.

கடலுக்குப் போன பிறகு தட்டை அடிப்பாகம் பெரிய வரமானது. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் பல ஊர்களுக்குத் துறைமுகம் கிடையாது. பஃபர் கடல் ஏற்றத்தில் மணற்கரைக்கு வந்து நிற்கும். கடல் வற்றியதும் மணலில் தட்டையாக உட்காரும். குதிரை வண்டிகள் பக்கத்திலேயே வந்து நிற்க, வின்ச்சும் தண்டும் கரியை இறக்கும். அடுத்த ஏற்றத்தில் மிதந்து கிளம்பிவிடும். நூறு டன்னுக்குச் சற்றுக் கூடுதலான பாரத்தை மூன்று நாலு ஆட்கள் வைத்தே நடத்தினார்கள்.

கிர்க்கின்டிலாக்கில் ஜே. அண்ட் ஜே. ஹே நிறுவனத்தின் யார்டு 1867இலிருந்து படகு கட்டியது. கட்டுவது மட்டுமில்லை; படகுகளைச் சொந்தமாக ஓட்டியதும் அவர்களே. பழுது வந்தால் திரும்பவும் அதே யார்டுக்கு வரும். தங்கள் படகுகளுக்கு இனங்களின், மக்கள் கூட்டங்களின் பெயரை வைப்பது அவர்கள் வழக்கம்: ஸ்பார்ட்டன், ஆன்சாக், இந்தியக் கப்பலாட்களைக் குறிக்கும் லாஸ்கார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பீட்டர் மெக்ரெகர் என்பவரின் யார்டும் அதே ஊரில் சில காலம் இருந்தது.

கால்வாயின் அகலம் படகின் நீளத்துக்குப் போதாது என்பதால், படகை வழக்கம்போல் பின்பக்கமாகத் தள்ளி நீரில் இறக்க முடியாது. கரைக்கு இணையாகக் கட்டி, பக்கவாட்டில் சறுக்கவிட்டார்கள். விழும்போது படகு எதிர்ப்புறம் சாய்ந்து, திரும்ப நிமிர்ந்து ஆடும். எழும்பும் அலை எதிர்க்கரையைத் தாண்டும். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் நனைவது வாடிக்கை. தட்டை அடியும் அகன்ற உடம்பும் இங்கேயும் கைகொடுத்தன. கூரான அடிப்பாகம் உள்ள படகு இப்படி விழுந்தால் அதிகம் உருளும்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படைக்குத் துறைமுகத்துக்குள் சரக்கு ஏற்றியிறக்கச் சிறு கப்பல்கள் தேவைப்பட்டபோது, ஹே யார்டின் ஆன்சாக், லாஸ்கார் வரைபடங்களையே அடிப்படையாக எடுத்து 'விக்' வகையை உருவாக்கினார்கள். அவை இங்கிலாந்துக் கால்வாய்க்கரை யார்டுகளிலும் தயாராயின. யார்க்‌ஷயரின் தார்ன் ஊரில் 1943இல் கட்டிய விக் 32 இன்றைக்கும் நீராவியில் ஓடுகிறது. கிர்க்கின்டிலாக்கிலேயே 1942இல் கட்டிய ஸ்பார்ட்டன், அர்வின் நகரின் ஸ்காட்டிஷ் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹே யார்டு கடைசியாக இறக்கிய படகு 1945இல். பெயர் 'சிண்டிட்', பர்மாப் போர்முனையில் சண்டையிட்ட படைப்பிரிவின் பெயர். கால்வாயை 1963 தொடக்கத்தில் மூடினார்கள். 2001இல் திரும்பத் திறந்தார்கள்.

மாதிரிக்குத் திரும்புவோம். பிற்காலப் படகுகளில் சுக்கான் பிடிப்பவருக்கு ஓர் அறை உண்டு. நம் மாதிரியில் அவர் புகைபோக்கிக்குப் பின்னால் மழையில் நிற்க வேண்டியதுதான். எனவே இது விக் வகை அல்ல, அதற்கு முந்தைய பஃபர். சேர்வராயன் மலைக்கு ஸ்காட்லாந்துத் தொடர்பு புதிதில்லை. 1820களில் இங்கே காபியைக் கொண்டுவந்த சேலம் கலெக்டர் எம்.டி. காக்பர்னின் குடும்பப்பெயரே ஸ்காட்லாந்துப் பெயர்தான். துரை குடும்பம் அந்தப் பக்கத்து ஆட்களாக இருந்து, ஊர் ஞாபகமாக இதைக் கொண்டுவந்திருக்கலாம் என்று ஊகிக்கலாம். ஊகத்தை ஊகமாகவே விட்டோம்.

பரங்கிப்பேட்டைக் கதை

இதைக் கைவிடத் தம்பிக்குக் கஷ்டமாக இருந்தது. எனக்கும் கொஞ்சம் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். கதையில் பாதி உண்மை. சேலம் பகுதியின் இரும்புத்தாதுவை நம்பி ஜோசையா மார்ஷல் ஹீத் 1830இல் பரங்கிப்பேட்டையில் ஆலை தொடங்கினார். அங்கே உருக்கிய இரும்பு இங்கிலாந்துவரை போனது. ஆனால் அது இரும்பு உருக்கும் ஆலை, கப்பல் யார்டு அல்ல. 66 அடிக் கட்டுப்பாட்டுக்கும் நம் கடற்கரைக்கும் சம்பந்தமும் இல்லை. பரங்கிப்பேட்டைப் படகு இப்படி மூக்கை மழுக்கிக்கொள்ள ஒரு காரணமும் கிடையாது.

எடுத்த முடிவுகள்

பெயரைத் தேடுவதை அத்தோடு நிறுத்தினோம். இதுதான் அதிகம் விவாதித்த முடிவு. நண்பர் ஒருவர், ஹே யார்டின் படகுப் பட்டியலைப் பிடித்து, சுக்கான் அறை இல்லாத காலத்துப் படகுகளில் ஒன்றைப் பொருத்திவிடலாம் என்றார். ஒரே நீளம், ஒரே அகலம், ஒரே அமைப்பில் பல யார்டுகள் பல பத்தாண்டுகள் கட்டிய படகு இது. ஒரே லாக்குகளில் நுழைந்த படகுகள் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். மாதிரியில் பெயர்ப்பலகை இருந்த இடத்தில் எனாமல் பெயின்ட் ஏறியிருந்தது. அடியில் எழுத்து இருந்ததற்கான மேடுபள்ளம் சாய்வெளிச்சத்தில் தெரியவில்லை. பட்டியலிலிருந்து ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து ஒட்டுவது குடும்பம் துரையை உருவாக்கின மாதிரியே ஆகிவிடும்.

எழுதித் தருவதாக இருந்தால் இவ்வளவுதான் எழுதலாம் என்று சொன்னோம்: 'ஃபோர்த் அண்ட் கிளைட் கால்வாய் அளவுக்குக் கட்டிய 66 அடி நீராவிச் சரக்குப் படகின் மாதிரி. விகிதம் கால் அங்குலத்துக்கு ஓர் அடி. சுக்கான் அறை இல்லாத முந்தைய வகை. பெட்டியில் கிர்க்கின்டிலாக் ஊர்ப்பெயரின் ஒரு பகுதி உள்ள சீட்டு. ஏற்காட்டு எஸ்டேட் பங்களா ஏலத்தில் வந்ததாகக் குடும்ப நினைவு.' யார்டின் பெயர் இல்லை, படகின் பெயர் இல்லை, ஆண்டு இல்லை.

வெடிப்பைப் பொறுத்தவரை, ஆசாரியைத் திரும்பக் கூப்பிடவில்லை. மாதிரியின் உடம்பு ஒரே கட்டையில் குடைந்ததல்ல; பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வஜ்ஜிரம் போட்டு ஒட்டி, பிறகு செதுக்கியது. வெடிப்பு நேர்கோடாக ஓடியதற்குக் காரணம் அதுவே: வெடித்தது மரம் அல்ல, ஒட்டு. ஏற்காட்டின் மூடுபனி ஈரத்தில் பல்லாண்டு ஊறிப்போன மரம், சேலத்துச் சித்திரை வெயிலில் சட்டென்று சுருங்கியது. அதை அடைத்தால் மழைக்காலத்தில் மரம் விரியும்போது வேறு இடத்தைப் பிளக்கும். ஆசாரி அடைத்ததன் பக்கத்தில் நடந்தது அதுதான். எனவே அடைக்காமல் விட்டு, வெயில் படாத உள்சுவர் ஓரமாக வைத்து, ஈரப்பதமானி ஒன்றை வாங்கிப் பெட்டிக்குள் போட்டோம். ராத்திரி மட்டும் ஏசி ஓடும் அறை வேண்டாம் என்றோம். தினமும் ஏறி இறங்கும் ஈரம் ஒரே மட்டத்தில் இருக்கும் வறட்சியைவிடக் கெடுதல். எனாமல் பெயின்ட்டைச் சுரண்டவும் இல்லை. அதற்கடியில் பழைய நிறம் எந்த நிலையில் இருக்கிறதென்று தெரியாமல் கையை வைப்பது சரியல்ல.

பெட்டி மட்டும் மாறியது. பழைய மரச்சட்டத்தை, சீட்டு ஒட்டியிருந்த அடிப்பலகையோடு தனியாகக் கட்டிவைத்தோம். புதிய பெட்டியைத் தம்பியே தன் பட்டறையில் செய்தார்: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சட்டம், கண்ணாடி, பின்பக்கம் மேலும் கீழும் சல்லடை போட்ட காற்றுத் துளைகள். தேக்கில் இழைத்துச் செய்தால்தான் அழகு என்று அக்கா முதலில் சொன்னார். அடைத்த பெட்டிக்குள் எந்த மரமானாலும் ஆவி விடும் என்று சொன்னதும் விட்டுவிட்டார்.

பின்னர் நடந்தது

வியாபாரி குறிப்பைப் படித்துவிட்டுத் தன் விலையைப் பாதிக்கும் கீழே இறக்கினார். பிறகு தொலைபேசியில் தம்பியிடம் தனியாகப் பேசி, பரங்கிப்பேட்டைக் கதையை மட்டும் எழுதித் தந்தால் பழைய விலைக்கே எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். தம்பி அதை அக்காவிடம் மறைக்கவில்லை. வீட்டில் ஒரு மாலை கொஞ்சம் சத்தமாகவே பேசிக்கொண்டார்கள் என்று கேள்வி. நாங்கள் யாரும் அங்கே இல்லை.

கடைசியில் அக்கா ஒரு வழி சொன்னார். வியாபாரி இறக்கிச் சொன்ன அந்த விலையையே மதிப்பாக வைத்து, அதில் பாதியைத் தம்பிக்குக் கொடுத்து மாதிரியைத் தானே வைத்துக்கொள்வது. பெட்டி செய்த கூலியையும் சேர்த்துக் கொடுத்தார். "நீ வாங்கிக்கலைன்னா நான் எழுதிக் கையெழுத்துப் போடலை" என்று சொன்னதும் தம்பி வாங்கிக்கொண்டார். கல்லூரிக் கட்டணத்துக்கு அது முழுசாகப் போதவில்லை; மிச்சத்துக்கு வங்கிக் கடன் வாங்கினார். எழுதிய காகிதத்தில் ஒரு வரி சேர்த்தார்கள்: எப்போதாவது விற்றால் இருவரும் சேர்ந்தே விற்பது, குறிப்பில் உள்ளதைத் தவிர வேறு எதையும் எழுதித் தருவதில்லை.

மழைக்காலம் வந்தபோது வெடிப்பு தானாகவே ஓரளவு மூடியது. வெயிலில் திரும்ப விரிந்தது, ஆனால் முந்தைய ஆண்டின் அளவுக்கு இல்லை. ஆசாரி அடைத்த இடத்தின் பக்கத்து வெடிப்பு மட்டும் சற்று நீண்டிருக்கிறது. வெள்ளைப் பொடி வின்ச்சின் மேல் லேசாகத் திரும்பியது, நங்கூரத்தில் வரவில்லை. வின்ச்சை ஒட்டி ஒரு மரத்துண்டு இருக்கிறது; ஆவி அங்கிருந்து வருகிறது என்பது என் எண்ணம்.

மறுமுறை என்றால்

இப்படி ஒரு பொருள் வந்தால், கையை வைக்கும் முன் நாலு பக்கமும் மேலிருந்தும் கீழிருந்தும், பக்கத்தில் அங்குல ஸ்கேல் வைத்துப் படம் எடுத்துவிட வேண்டும். ஆசாரி பெயின்ட் அடிப்பதற்கு முன் எடுத்த ஒரே படம் ஒரு கல்யாண ஆல்பத்தில் இருந்தது. மணப்பெண்ணுக்குப் பின்னால், பாதி மறைந்து. பெயர்ப்பலகை இருந்திருக்க வேண்டிய பாதியும் அந்த மறைவில்தான் போய்விட்டது.

வெள்ளையாக எது பூத்தாலும் முதலில் ஈயம் என்றே சந்தேகிப்பேன், குழந்தைகள் உள்ள வீட்டில் கட்டாயம். மலையிலிருந்து கீழே கொண்டுவரும் மரச்சாமானை நேராகக் கூடத்தில் வைக்காமல், அட்டைப்பெட்டிக்குள் துணி சுற்றிச் சில வாரம் வைத்து மெதுவாக வெளியே எடுக்கச் சொல்வேன். ஏற்காட்டு வீடுகளை விற்றுவிட்டுச் சேலத்துக்கு இறங்குகிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன; பெட்டி, அலமாரி, வீணை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

விலைப் பேச்சு வரும்முன்பே குறிப்பை எழுதி முடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்களைக் கூப்பிட்டபோது வியாபாரியின் தொகை ஏற்கெனவே தம்பியின் காதில் விழுந்திருந்தது. அதனால் ஒவ்வொரு அளவும் அவருக்கு விலையைக் குறைக்கிற அளவாகவே பட்டது. குறிப்பின் ஒரு நகல் இப்போது பெட்டியின் பின்பக்கம் உறையில் இருக்கிறது, இன்னொன்று தம்பியிடம். சுக்கான் அறை இல்லாத 66 அடிப் படகின் மூல வரைபடம் எங்காவது பார்வைக்குக் கிடைத்தால், சரக்குக் குழியின் நீளத்தையும் கம்பத்தின் இடத்தையும் ஒப்பிட இடம் விட்டு எழுதியிருக்கிறோம். மாதிரியில் குழியின் நீளம் ஆறே முக்கால் அங்குலம். நிஜத்தில் 27 அடி.